சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுக்காத கணக்கப்பிள்ளை!

"முடியாது" என்கிறது கம்ப்யூட்டர். அந்தப் பதிலைக் காதில் வாங்காமல் ஒரு புரோகிராம் தன் வேலையைத் தொடர்கிறது.

அப்போது என்ன நடக்கும்?

இந்தச் சிறிய அலட்சியத்தால் 2000-ம் ஆண்டில் மின்னஞ்சல் கம்ப்யூட்டர்கள் திருடர்களுக்குத் திறந்து கிடந்தன. 2011-ம் ஆண்டில் செல்போன்கள் சூறையாடப்பட்டன.

அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள முதலில் ஓர் உப்பளத்துக்குப் போக வேண்டும்.

உப்பளத்தில் ஒரு நாள்

ஆறுமுகநேரி.

தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூர் போகும் வழியில் உள்ள ஊர். உப்புக்குப் பெயர் பெற்ற ஊர். வெயில் ஏறினால் உப்பளத்தைப் பார்க்க முடியாது, கண் கூசும். பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேர் என்று உப்பு விளைந்து கிடக்கும்.

அங்கே ஓர் உப்பளம். அதற்கு ஒரு முதலாளி. அவரிடம் ஒரு கணக்கப்பிள்ளை. (இது ஒரு பேச்சுக்குச் சொல்லும் கதைதான்.)

தினமும் காலையில் கணக்கப்பிள்ளை முதலாளி வீட்டுக்குப் போவார். சாவிக்கொத்தை வாங்குவார். கிட்டங்கிச் சாவி, மோட்டார் அறைச் சாவி, இரும்புப் பெட்டிச் சாவி, மேஜைச் சாவி எல்லாம் அந்தக் கொத்தில் இருக்கும்.

கிட்டங்கியைத் திறப்பார். மோட்டார் அறையைத் திறப்பார். பிறகு மேஜைச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு, கொத்தை முதலாளி வீட்டில் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் லாரிக்காரர்களோடும் தரகர்களோடும் பேச உட்கார வேண்டும்.

இது முதலாளி போட்ட சட்டம்.

ஏன் இந்தச் சட்டம்? கணக்கப்பிள்ளை மீது சந்தேகமா?

இல்லை. பகல் முழுவதும் அவரைச் சுற்றி வெளியாட்கள் கூட்டம். அதில் எவனாவது அவரை ஏமாற்றலாம். மேஜைச் சாவி மட்டும் இருந்தால் மேஜையோடு நஷ்டம் போய்விடும். முழுக் கொத்தும் இருந்தால் உப்பளமே போய்விடும்!

ஒரு நாள் கணக்கப்பிள்ளை கொத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது.

"முதலாளி! முதலாளி!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை.

அவர் என்ன செய்திருக்க வேண்டும்? "இன்று வியாபாரம் இல்லை" என்று கடையை அடைத்திருக்க வேண்டும்.

அவர் அப்படிச் செய்யவில்லை. பழக்க தோஷத்தில், "சாவி கொடுத்தாகிவிட்டது" என்று நோட்டில் எழுதினார். கொத்தை மடியில் செருகிக்கொண்டு வியாபாரத்துக்கு உட்கார்ந்தார்.

மதியம் ஒரு தரகர் வந்தார். "என்ன கணக்கப்பிள்ளை அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று தோளில் கை போட்டார். சிரிக்கச் சிரிக்கப் பேசினார். போய்விட்டார்.

மடியில் இருந்த கொத்தும் போய்விட்டது. மாலையில் பார்த்தால் இரும்புப் பெட்டி காலி!

விசாரித்தபோது இன்னொரு உண்மை தெரிந்தது. அன்று காலை, "திருச்செந்தூரில் உங்கள் உறவினருக்கு உடம்பு சரியில்லை" என்று முதலாளிக்குப் பொய்ச் செய்தி சொல்லி, வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வைத்ததே அந்தத் தரகர்தான்!

கம்ப்யூட்டரிலும் ஒரு சாவிக்கொத்து

இந்தக் கதையில் வரும் அத்தனை பேரும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் யார் எதைத் திறக்கலாம், யார் எதை எழுதலாம், யார் எதை அழிக்கலாம் என்று கணக்கு உண்டு. அதற்குப் பெயர் அனுமதி.

லினக்ஸ் போன்ற கம்ப்யூட்டர் அமைப்புகளில் எல்லா அனுமதியும் உள்ள முதலாளிக்கு "ரூட்" என்று பெயர். ரூட் என்றால் வேர். அவர் எதையும் திறக்கலாம். எதையும் மாற்றலாம். அவரைத் தடுக்க ஆள் இல்லை.

சில புரோகிராம்கள் தொடக்கத்தில் ஒரு சில வேலைகளுக்காக ரூட் அதிகாரத்தை வாங்கிக்கொள்ளும். அந்த வேலை முடிந்ததும், "இனி எனக்கு இந்த அதிகாரம் வேண்டாம், சாதாரண ஆளாக மாறிவிடுகிறேன்" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். பிறகுதான் வெளியாட்களோடு பேசும்.

கணக்கப்பிள்ளை கொத்தைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான் இது.

கம்ப்யூட்டர் சில நேரம், "மாற முடியாது" என்று பதில் சொல்லிவிடும். சில நேரம் அரைகுறையாக மாற்றிவிட்டு, "ஆயிற்று" என்று சொல்லிவிடும்.

அந்தப் பதிலைப் புரோகிராம் கவனிக்க வேண்டும். உண்மையிலேயே மாறிவிட்டோமா என்று தன்னையே சோதித்துப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், "நான் சாதாரண ஆள்" என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் முழுக் கொத்தும் அதன் மடியில் இருக்கும்!

அமெரிக்காவில் மைட்டர் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. புரோகிராம்களில் வரும் பலவீனங்களை வகை பிரித்து எண் கொடுத்து அது பட்டியல் போட்டிருக்கிறது. அனுமதி போதாத நேரத்தில் புரோகிராம் தவறாக நடந்துகொள்வதற்கு அந்தப் பட்டியலில் தனி எண் உண்டு. அந்த எண் 280.

2000: மின்னஞ்சல் கதை

2000-ம் ஆண்டு ஜூன் மாதம்.

சென்ட்மெயில் என்ற புரோகிராம் அப்போது உலகம் முழுவதும் மின்னஞ்சல்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஊர் ஊராகத் தபால் கொண்டுபோகும் தபால்காரரைப் போல.

அந்தப் புரோகிராம் ரூட் அதிகாரத்தோடு தொடங்கும். தேவை முடிந்ததும் சாதாரண ஆளாக மாறிக்கொள்ளும்.

அந்தக் காலத்து லினக்ஸில் ஒரு புதிய ஏற்பாடு வந்திருந்தது. ரூட் அதிகாரத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்திருந்தார்கள். அதில் ஒரு துண்டு, "ஆளை மாற்றிக்கொள்ளும் அதிகாரம்".

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓர் ஓட்டை இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் சாதாரண ஆள் ஒருவன், அந்த ஒரு துண்டை மட்டும் பிடுங்கிவிட்டு சென்ட்மெயிலைத் தொடங்கி வைக்க முடிந்தது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள்.

சென்ட்மெயில், "நான் சாதாரண ஆளாகிவிடுகிறேன்" என்றது. ஆளை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் அதனிடம் இல்லை. ஆகவே லினக்ஸ் அரைகுறையாக மாற்றியது. கொத்து முழுவதும் திரும்பிப் போகவில்லை. ஒரு சாவி ஒளிந்து நின்றது. அதை வைத்து மீண்டும் ரூட் ஆகிவிடலாம்.

சென்ட்மெயில் அதைச் சோதிக்கவில்லை. மாறிவிட்டதாகவே நம்பியது.

சாதாரண ஆள் முதலாளி ஆகிவிடும் வழி திறந்துவிட்டது!

ஓர் அதிகாரம் குறைந்ததால் ஆபத்து கூடியது என்பதுதான் இதில் விந்தை. அதிகாரம் குறைந்தால் பாதுகாப்பு கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். குறைந்ததைப் புரோகிராம் கவனிக்காததால் எல்லாம் தலைகீழாகப் போனது.

அந்த மாதமே மருந்து வந்தது. லினக்ஸ் 2.2.16 என்ற புதிய பதிப்பில் ஓட்டை அடைக்கப்பட்டது. சென்ட்மெயிலையும் திருத்தினார்கள். கம்ப்யூட்டரில் இந்த ஓட்டை இருக்கிறதா என்று அதுவே சோதித்துப் பார்த்தது. ஓட்டை இருந்தால், "நான் வேலை செய்ய மாட்டேன்" என்று நின்றுவிட்டது.

கணக்கப்பிள்ளை கடையை அடைத்துவிட்டார்!

2010: செல்போன் கதை

பத்து ஆண்டுகள் ஓடின. அதே தவறு செல்போனில் தலைகாட்டியது.

ஆண்ட்ராய்டு செல்போன்கள் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டவை. அதில் ஒரு வேலைக்காரப் புரோகிராம் உண்டு. போனைக் கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்துச் சோதனை செய்ய அது உதவும். அதுவும் ரூட்டாகத் தொடங்கி, சில வேலைகளை முடித்து, பிறகு சாதாரண ஆளாக மாறும்.

ஒவ்வோர் ஆள் பெயரிலும் ஒரே நேரத்தில் இத்தனை வேலைகள்தான் ஓடலாம் என்று லினக்ஸில் வரம்பு உண்டு. கல்யாணப் பந்தியில் இத்தனை இலைதான் என்பது போல.

2010-ம் ஆண்டில் இந்த வரம்பை வைத்தே ஒருவர் வழி கண்டுபிடித்தார்.

முதலில், அந்தச் சாதாரண ஆளின் பெயரில் வேலைகளைத் தொடங்கிக்கொண்டே போவது. பந்தி நிறைந்துவிடும். பிறகு அந்த வேலைக்காரப் புரோகிராமை நிறுத்துவது. நின்றதும் அது தானாக மறுபடி தொடங்கும். ரூட்டாகத் தொடங்கி, "நான் சாதாரண ஆளாகிறேன்" என்று கேட்கும்.

"அந்த ஆள் பெயரில் இடம் இல்லை. மாற முடியாது" என்று பதில் வரும்.

அந்தப் பதிலைப் புரோகிராம் பார்க்கவே இல்லை! ரூட்டாகவே வேலையைத் தொடர்ந்தது.

முதலாளி வீட்டைப் பூட்ட வைத்த தரகரின் தந்திரம்தான் இது. "முடியாது" என்ற பதில் தானாக வரவில்லை. அதைத் திருடன் வரவழைக்கலாம்.

இதைக் கண்டவர் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்தான். ஆனால் வழி வெளியே தெரிந்த பிறகு திருடர்கள் சும்மா இருப்பார்களா?

2011-ம் ஆண்டு மார்ச் மாதம். ஆண்ட்ராய்டு சந்தையில் இருந்த 50-க்கும் மேற்பட்ட செயலிகளில் "டிராய்ட் டிரீம்" என்ற விஷம் கலந்திருப்பது தெரியவந்தது. விளையாட்டு என்றும் பயனுள்ள கருவி என்றும் நம்பி மக்கள் இறக்கிய செயலிகள் அவை. போனில் ரூட் ஆவதற்கு அவை பயன்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று.

கூகுள் நிறுவனம் அந்தச் செயலிகளைச் சந்தையில் இருந்து நீக்கியது. ஏற்கனவே இறக்கியவர்களின் போன்களில் இருந்தும் தொலைவில் இருந்தபடியே அழித்தது. ஆண்ட்ராய்டு 2.2.2 பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் இந்தத் தாக்குதலில் தப்பின. பழைய பதிப்பை வைத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

திருடன் இல்லாமலும் நஷ்டம்

திருடன் வந்தால்தான் ஆபத்து என்று எண்ணக் கூடாது.

ஒரு கடையில் தினமும் இரவு கணக்குகளை நகல் எடுத்து வைக்கும் புரோகிராம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள், வரவு செலவுப் பெட்டியைத் திறக்க அதற்கு அனுமதி இல்லாமல் போகிறது. புரோகிராம் அதைத் தாண்டிப் போகிறது. காலையில் "நகல் எடுத்தாகிவிட்டது" என்று மட்டும் திரையில் எழுதுகிறது.

ஆறு மாதம் கழித்து கம்ப்யூட்டர் பழுதாகிறது. நகலைத் திறந்து பார்த்தால் முக்கியமான கணக்கே இல்லை!

இன்னொன்று. ஒரு கணக்கில் 1,000 ரூபாயைக் கழித்தாகிவிட்டது. அடுத்த கணக்கில் சேர்க்க வேண்டும். அங்கே எழுத அனுமதி இல்லை. புரோகிராம் நடுவழியில் நின்றால் பணம் எங்கே? இங்கும் இல்லை, அங்கும் இல்லை! ஆகவேதான் நல்ல புரோகிராம், பாதியில் தடை வந்தால் முதலில் கழித்ததையும் பழையபடி சேர்த்துவிட்டு நிற்கும்.

"எல்லா அனுமதியும் கொடு!"

இதைவிட மோசமான வைத்தியம் ஒன்று உண்டு.

புரோகிராமுக்கு அனுமதி போதவில்லை. வேலை நிற்கிறது. மேலதிகாரி அவசரப்படுத்துகிறார். உடனே, "ரூட் அதிகாரத்தையே கொடுத்துவிடு, தொல்லை தீர்ந்தது" என்று முடிவு கட்டுகிறார்கள்.

வேலை நடக்கும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தப் புரோகிராமில் ஒரு நாள் ஓட்டை விழுந்தால், நுழைகிறவன் கையில் முழுக் கொத்தும் கிடைத்துவிடும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தோடு தொடர்புடைய ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு அறிஞர்கள் 1975-ம் ஆண்டிலேயே இதற்கு விதி எழுதி வைத்தார்கள். அவர்கள் சொன்ன விதிகளில் இரண்டு மிக முக்கியம்.

ஒன்று: வேலைக்கு எவ்வளவு அதிகாரம் தேவையோ, அவ்வளவுதான் கொடுக்க வேண்டும்.

இரண்டு: அனுமதி உண்டு என்று தெளிவாகத் தெரிந்தால்தான் திறக்க வேண்டும். தெரியாவிட்டால் மூடியே இருக்க வேண்டும்.

50 ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இதுதான் அரிச்சுவடி.

பக்கத்திலேயே ஒரு பாடம்

அளவாக அனுமதி கொடுப்பதன் அருமையை அறிய அமெரிக்கா வரை போக வேண்டாம்.

ஆறுமுகநேரியில் இருந்து கடற்கரை ஓரமாகத் தெற்கே போனால் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி. அதையும் தாண்டினால் கூடங்குளம். அங்கே அணுமின் நிலையம்.

2019-ம் ஆண்டு அங்கே ஒரு கம்ப்யூட்டரில் விஷப் புரோகிராம் புகுந்துவிட்டது. இந்தச் செய்தி பரவியதும் நாடே பரபரப்பு அடைந்தது. முதலில் நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. அக்டோபர் 30-ந் தேதி இந்திய அணுமின் கழகம் உண்மையை ஒப்புக்கொண்டது. மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு செப்டம்பர் 4-ந் தேதியே தகவல் சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தது.

அந்தக் கம்ப்யூட்டர் நிர்வாக வேலைக்கானது. இணையத்தோடு தொடர்பு உள்ளது. முக்கியமான உள் அமைப்பில் இருந்து அது தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்று கழகம் விளக்கியது.

இது 280-ம் எண் தவறு அல்ல. வேறு வகைத் தாக்குதல். ஆனால் பாடம் ஒன்றுதான். மேஜைச் சாவி போனாலும் இரும்புப் பெட்டிச் சாவி வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

நல்ல புரோகிராமுக்கு அடையாளம்

"முடியாது" என்ற பதில் வந்தால் நல்ல புரோகிராம் என்ன செய்யும்?

அந்தப் பதிலைக் கவனிக்கும். தொட்ட வேலையைப் பாதியில் விடாமல் பழைய நிலைக்குக் கொண்டுவரும். பாதுகாப்பாக நிற்கும். நடந்ததைப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்கும். வெளியாளிடம், "இப்போது முடியாது" என்று மட்டும் சொல்லும். எந்தப் பெட்டி, எந்த அறை, எந்தச் சாவி என்ற உள்விவரங்களை அவனிடம் உளறாது.

புரோகிராம் எழுதப் படிக்கும் பிள்ளைகள் இதை மனதில் பதிக்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது பாதிச் சோதனைதான். அனுமதியைப் பிடுங்கிவிட்டு, அப்போது புரோகிராம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி.

வீட்டில் உள்ளவர்களுக்கு

புரோகிராம் எழுதத் தெரியாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் இப்போது ஒரு சாவிக்கொத்து இருக்கிறது. அதுதான் செல்போன்.

முன்பு ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலியை இறக்கினால், அது கேட்கும் எல்லா அனுமதியையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் செயலியே கிடையாது. 2015-ம் ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 6 இதை மாற்றியது. கேமரா வேண்டுமா, இருக்கும் இடம் தெரிய வேண்டுமா, நண்பர்களின் போன் எண்கள் வேண்டுமா என்று தனித்தனியாகக் கேட்கும். ஒன்றுக்கு "சரி" என்றும் மற்றொன்றுக்கு "வேண்டாம்" என்றும் சொல்லலாம்.

"வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். செயலியின் குணம் தெரிந்துவிடும்!

நல்ல செயலி அந்த ஒரு வசதியை மட்டும் விட்டுவிட்டு மற்ற வேலைகளைச் செய்யும். கெட்ட செயலி, "கொடுத்தால்தான் ஆச்சு" என்று அடம் பிடிக்கும். டார்ச் விளக்குச் செயலிக்கு உங்கள் மாமன் மச்சான் போன் எண்கள் எதற்கு?

கடன் கொடுக்கும் செயலிகளில் இது விளையாட்டு அல்ல. போன் எண்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, கடன் வாங்கியவரின் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் போன் செய்து மானத்தை வாங்கிய கொடுமைகள் நடந்தன. ஆகவே 2022-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. கடன் செயலிகள் போனில் உள்ள எண்களையும், படங்களையும், பேசிய விவரங்களையும் தொடக் கூடாது என்றது. ஆளை அடையாளம் சரிபார்க்கும் நேரத்தில் மட்டும், அவர் சம்மதத்தோடு, கேமரா போன்றவற்றை ஒரு முறை பயன்படுத்தலாம்.

போனைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் தள்ளிப் போடக் கூடாது. 2000-ம் ஆண்டிலும் சரி, 2011-ம் ஆண்டிலும் சரி, புதிய பதிப்புதான் ஓட்டையை அடைத்தது. அறிவிப்பு போனின் அமைப்புப் பகுதியில் வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ அனுப்பும் குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தொட வேண்டாம்.

மோசடியில் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

புதிய கணக்கப்பிள்ளை

அந்த உப்பளத்தில் பிறகு என்ன நடந்தது?

பழைய கணக்கப்பிள்ளை நல்லவர்தான். திருட்டில் அவருக்குப் பங்கு இல்லை. அவர் செய்த தவறு ஒன்றே ஒன்று. வீடு பூட்டி இருந்ததைப் பார்த்தும், "கொடுத்தாகிவிட்டது" என்று எழுதினார்.

அவருக்குப் பின் வந்தவர் ஓர் இளைஞர். ஒரு நாள் அவரும் கொத்தோடு போனார். வீடு பூட்டி இருந்தது. திரும்பி வந்தார். கிட்டங்கியை அடைத்தார். வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன.

"என்ன தம்பி, உப்பு ஏற்ற வேண்டாமா? வெயில் ஏறுகிறதே!" என்று லாரிக்காரர்கள் கத்தினார்கள்.

"முதலாளி வரட்டும் அண்ணாச்சி. அதுவரைக்கும் ஏற்ற முடியாது" என்றார் இளைஞர்.

அன்று அரை நாள் வியாபாரம் நஷ்டம். முதலாளி வந்ததும் கொத்தை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு சாவியாக எண்ணிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன.